கரையில் விட்ட சேறு

அன்புள்ள அப்பாவுக்கு,

கால்வலி குறைந்ததா? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா? நான் நலம். போனில் சொன்னால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன். பயப்படும்படி ஒன்றுமில்லை.

அருள்புரத்தில் எங்கள் ஹாஸ்டலுக்குப் பின்னால் ஓடும் ஓடையிலும், நம் ஆற்றைப் போலவே, கூழாங்கல்லுக்கு இடையே அயிரை மீன் இருக்கிறது என்று சொன்னேனே. ஞாயிறானால் அங்கேதான் உட்கார்ந்திருப்பேன். போன மாதம் எங்கள் கம்பெனி முதலாளி மகுடேஸ்வரன் எங்களை வைத்து அதன் மேல்பக்கத்தில் தூர்வாரினார். வாரிய சேற்றைக் கரையிலேயே குவிக்கச் சொன்னார்.

"மழை பெஞ்சா மறுபடி ஓடைக்குள்ளதான சார் வரும்" என்றேன்.

"நாளைக்கே லாரில ஏத்தீர்லாம் கண்ணு, என்னைய நம்பு" என்றார். நம்பினேன். போட்டோ எடுத்ததோடு சரி, லாரி வரவேயில்லை.

இந்த வாரம் மழை. அத்தனை சேறும் இறங்கி, கற்களின் இடுக்கையெல்லாம் அடைத்துவிட்டது. அயிரை ஒளியவும் முட்டையிடவும் இடமில்லை. ஒன்றைக்கூடக் காணோம். கேட்டதற்கு, "மழ பேஞ்சா நானென்ன பண்றது கண்ணு?" என்று சிரிக்கிறார்.

ஊருக்கு வந்திருக்கும் என் ஹாஸ்டல் தோழி செல்வியிடம் கொஞ்சம் எலுமிச்சை ஊறுகாய் கொடுத்தனுப்புங்கள். இன்னொன்று, தூர்வாரிய அன்று எடுத்து நான் அனுப்பிய, நானும் முதலாளியும் சிரிக்கும் அந்தப் போட்டோவைச் சுவரிலிருந்து எடுத்துவிடுங்கள். எங்களுக்குப் பின்னால் மேடாக நிற்பது அந்தச் சேறுதான்.

கம்பெனி பஸ் வந்துவிட்டது.

மகள்,
முத்துலட்சுமி