சித்தேரிக் கல்யாண மஞ்சள்

1984 ஜூலை 9, திங்கள்

பேய்க்காற்று. ஆடி பிறக்க இன்னும் ஒரு வாரம் இருக்கிறது, அதற்குள் பொம்மிடியே பறக்கிறது. ஸ்டேஷன் ரோட்டில் மேய்ந்த கோழி ஒன்று இந்நேரம் ஓமலூரில் இறங்கியிருக்கும்.

கடை திறந்தேன். மளிகைச் சாம்ராஜ்யத்தின் தற்காலிக மகாராஜா நான். நிரந்தர மகாராஜா என் மச்சான் சவரிமுத்து, அக்கா புருஷன், பின்னறைக் கட்டிலில். இருவருக்கும் நடுவில் ஒரு சாக்குத் திரை. தருமபுரி டாக்டர் போன வாரமே சொல்லிவிட்டார்: வயிற்றில் கட்டி, கைமீறிவிட்டது, வீட்டுக்குக் கூட்டிப்போய்க் கேட்டதைக் கொடுங்கள்.

மச்சான் கேட்பது ஒன்றே ஒன்று. கடைச் சத்தம்.

அதுதான் இல்லை. அவர் இருமலைக் கேட்ட எவனோ காசம் என்று கிளப்பிவிட்டான். ஊர் மொத்தமும் பஸ் ஸ்டாண்டுப் புதுக் கடைக்குப் போகிறது. இன்று வந்தவர்கள்: தீப்பெட்டி ஒருவர். வழி கேட்டவர் ஒருவர். ஆடு ஒன்று.

"டேய் மாப்ளே, கடை ஏன்டா கம்முனு கெடக்குது?"

"இன்னிக்கிக் கூட்டம் கொஞ்சம் கம்மிங்க மச்சான்."

"எனக்குப் பயந்துக்கிட்டு வரமாட்டங்கறாங்களா?"

தராசைத் துடைத்தேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மத்தியானம் கஞ்சி வேண்டாம் என்றுவிட்டார்.

ஜூலை 10, செவ்வாய்

காற்று அப்படியே. பொறுக்கவில்லை. கலையுலகில் இறங்கினேன்.

தெருவுக்குப் போய்ச் செருப்பைத் தேய்த்துக்கொண்டு வந்தேன். லாரி டிரைவர் குரல். "யாருப்பா கடையில, துவரம்பருப்பு அரைக் கிலோ போடு!" உள்ளே ஓடி வந்து என் குரலில், "இருங்கண்ணா, நிறுக்கறேன்." நிறுத்தேன். பொட்டலம் கட்டினேன். நானே வாங்கிக்கொண்டேன். பிறகு சத்தமில்லாமல் மறுபடி சாக்கில் கொட்டினேன்.

மாலையில் துணிச்சல் கூடிப்போய்த் தீர்த்தமலைக்குப் போகும் பக்தர் கூட்டத்தையே இறக்கினேன். ஆறு பேர். அதில் இரண்டு பேருக்குக் காது கேட்காது. ஒரே தொண்டையில் ஆறு பேரைக் குடிவைத்தவன் மூவுலகிலும் நான் ஒருவன்தான்.

திரைக்குப் பின்னாலிருந்து அதட்டல்: "தட்டு ஆடறப்பவே எடுக்காதடா! நிக்கட்டும், நின்னப்பறம் எடு!"

திட்டு! பத்து நாளாகக் கேட்காத திட்டு. கஞ்சி ஒன்றரை டம்ளர் உள்ளே போனது.

அக்கா அடுப்படியில் மடக்கினாள். "ஏன்டா, சாகப்போற மனுசங்கிட்டயும் வேஷங்கட்டுவியா?"

"நிறுத்துன்னு சொல்லு, நிறுத்தறேன்."

காலி டம்ளரைப் பார்த்தாள். கழுவ எடுத்துக்கொண்டு போனாள்.

ஜூலை 12, வியாழன்

அளவு மீறிவிட்டேன். சில்லறை வியாபாரம் சலித்துப்போய்ச் சித்தேரி மலையிலிருந்து சடையன் என்றொரு விவசாயியை உண்டாக்கினேன். மூத்த மகளுக்குக் கல்யாணம். மொத்தச் சாமானும் நம் கடையில்.

திரைக்குப் பின்னால் கட்டில் கிறீச்சிட்டது.

"ஆடி பொறக்கப்போவுது, எவன்டா கல்யாணம் வெப்பான்?"

மாட்டிக்கொண்டேன். சடையனுக்குக் குரல் நடுங்கியது. "ஆவணிக்குங்க சாமி. மின்னாடியே வாங்கிரலாம்னுதான்."

"அதுஞ் செரிதான். பொண்ணு பேரென்ன?"

"லச்சுமிங்க."

"அவளுக்கு ஒம்மூஞ்சி வராம இருந்தாச் செரி." தன் பேச்சுக்குத் தானே சிரித்தார். சிரிப்பு இருமலாகி, அடங்க நேரமானது.

பிறகு சடையனிடம் தன் கதையைச் சொன்னார். அரூர்ப் பக்கம் மானாவாரிக் காடு. மழை ஏமாற்ற, ஒரு மூட்டை உப்போடும் இரவல் தராசோடும் இந்த ஸ்டேஷன் ரோட்டில் வந்து உட்கார்ந்தது. ரயில் வந்தால்தான் வியாபாரம் என்றிருந்த காலம். கல்யாணச் சாமான் கேட்டு முதல் ஆள் வந்த அன்றுதான், தான் வியாபாரி ஆனதாக நினைப்பாம். அதனால்தான் அந்த வழக்கம்: எந்தக் கல்யாணச் சாமானுக்கும் முதலில் மஞ்சள், அதை மச்சானே நிறுத்துக் கட்டவேண்டும். என்னைத் தொட விட்டதில்லை.

இத்தனையும் நான் வாசற்படியில் நின்று சடையனாக "ஆமாங்க, ஆமாங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

"சடையா, ஆவணிக்கு நான் கெடப்பனோ என்னமோ. ஒன் மவளுக்கு மஞ்சள இப்பவே கட்டிப்புடறேன். மாப்ள கொண்டாந்து குடுப்பான்."

ஜூலை 13, வெள்ளி

வெயில் சுள்ளென்று. தராசைக் கட்டிலுக்கே தூக்கிப் போனேன். அக்கா முதுகைத் தாங்கிக்கொண்டாள்.

மஞ்சளை ஒவ்வொரு கிழங்காகப் பார்த்துப் போட்டார். சொத்தையை ஒதுக்கினார். கை நடுங்கத் தட்டு நிற்கவே மாட்டேன் என்றது. அது நிற்கும்வரை காத்திருந்தார். பொட்டலம் மடித்தார், நூல் சுற்றினார். முடிச்சின்மேல் விரல் வைக்க மட்டும் எனக்கு அனுமதி. என் விரலையும் சேர்த்துக் கட்டப் பார்த்தார், குறும்பு.

"இது அந்தப் பொண்ணு கையிக்குப் போயிச் சேரோணும். வார்த்த குடுத்துட்டேன்டா."

சடையனே இல்லை மச்சான். தொண்டைவரை வந்துவிட்டது. அக்கா அவர் தலைக்கு மேலாக என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"போயிச் சேருங்க மச்சான்."

மாலையில் கடை முன்னால் மூக்கடைத்த ஒரு பெண் குரல்: "கொத்தமல்லி நூறு கிராங் குடுங்க." நிமிர்ந்தேன். அக்கா! முக்காடு போட்டுக்கொண்டு, நடுத்தெருவில்.

உள்ளிருந்து: "யார்றா அது, உங்கக்கா கொரலாட்டமே இருக்குது?"

"தொப்பூர்க்கார அம்மாங்க மச்சான்."

"பாவம், அவ புருசன்."

அக்கா சிரித்தாள். முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு எந்த இடத்தில் மாறியது என்று கவனிக்கவில்லை.

ஜூலை 15, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து ஃபாதர் வந்தார், மச்சானுக்குக் கடைசி எண்ணெய் பூச. நான் அப்போது வெல்லத்துக்கு என்னோடு நானே பேரம் பேசிக்கொண்டிருந்தேன், கடும் சண்டை.

"யாருகிட்டப் பேசறீங்க?"

"கஸ்டமருங்க ஃபாதர்."

வெறும் வாசலைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். பிறகு, பிரசங்கத்தில்கூட அவ்வளவு சத்தம் போட்டிருக்கமாட்டார்: "எனக்கு ஒரு பாக்கெட் மெழுகுவத்தி! சீக்கிரம், கூட்டத்துல நிக்க முடியல!"

உள்ளே போனார். மச்சான் நெற்றியில் எண்ணெய்.

"ஃபாதரும் நம்ம கடையிலதான்" என்றார் மச்சான். மெல்ல.

ஜூலை 16, திங்கள்

காலையில். நான் கடைப் பலகை எடுத்துக்கொண்டிருந்தபோது. அந்தச் சத்தமாவது அவருக்குக் கேட்டதா, தெரியவில்லை.

ஜூலை 17, செவ்வாய்

அடக்கம். காற்று. மெழுகுவத்தி எதுவும் நிற்கவில்லை.

கடைக்கு வராத ஊர் சாவுக்கு வந்தது, கல்லறைத் தோட்டம் கொள்ளாமல். இது மிகை இல்லை. எனக்குப் பின்னால் இருவர்:

"காசம் இல்லியாமா."

"கட்டியாமா? அடப்பாவத்த. மொதல்லியே சொல்லக்கூடாது?"

திரும்பி ஏதாவது சொல்லியிருக்கவேண்டும். எத்தனை குரல் வைத்திருந்தேன். ஒன்றும் எழும்பவில்லை.

ஜூலை 21, சனி

அரூரிலிருந்து மலை பஸ். வளைவுகளில் பொட்டலத்தை மடியில் இறுக்கிக்கொண்டேன். அக்காவிடம் சொல்லாமல் கிளம்பலாம் என்று பார்த்தேன். அவளே எடுத்துக் கையில் கொடுத்தாள்.

சித்தேரி டீக்கடையில் விசாரித்தேன். ஆவணியில் கல்யாணம் வைத்திருக்கிற வீடு எது?

"பொண்ணு வூடா, மாப்ள வூடா?"

"பொண்ணு வூடுங்க."

மேட்டு வீட்டைக் காட்டினார்கள். வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்த அம்மா எழுந்து நின்றாள். உள்ளே பெண் யாரிடமோ பேசும் சத்தம். பெயர் கேட்கவில்லை. கேட்கத் தைரியமில்லை.

"கல்யாணத்துக்கு மஞ்சளுங்க. குடுத்துட்டு வரச் சொன்னாரு."

"ஆருங்க?"

"பொம்மிடி, மளிகைக் கடை சவரிமுத்துங்க."

"எங்களுக்கு அவரத் தெரியாதுங்களே."

"அவருக்குத் தெரியுங்க."

என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். கையைத் துடைத்து, முந்தானையை விரித்து வாங்கிக்கொண்டாள். முடிச்சைத் தடவிப் பார்த்தாள்.

"ஆவணி மொத முகூர்த்தமுங்க. அவரக் கண்டிப்பா வரச் சொல்லுங்க."

"சொல்றேனுங்கம்மா. வந்துருவாரு."

கீழே பஸ் ஹாரன் அடித்தது. ஓடினேன்.