பெயர் எதற்கு அங்கிள்

என் டமாரத்துக்கு,

பாட்டி எழுதுவது. நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இல்லாவிட்டால் நான் அங்கே கிளம்பி வந்து உன்னோடு வாசிக்கிற அந்தக் கிதார்க்காரனை நாலு வார்த்தை கேட்க வேண்டியிருக்கும். நம் வீட்டுக்கு வந்த அன்று ஈரக்காலோடு என் கட்டிலில் ஏறிச் சப்பணமிட்டு உட்கார்ந்தவன் அவன். அதற்கப்புறம் அவன் எவ்வளவு நன்றாக வாசித்தாலும் எனக்கு அந்த ஈரக்கால்தான் தெரிகிறது.

போனில் பேசலாமே, எதற்குக் கடிதம் என்பாய். உன் அப்பன் பக்கத்து அறையில் இருக்கிறான். இந்த வீட்டுச் சுவரின் லட்சணம் உனக்கே தெரியும், அங்கே தும்மினால் இங்கே கைக்குட்டை தேடுவோம். இது அவன் காதில் விழக்கூடாத செய்தி. எழுதி முடித்ததும் மூன்றாம் மாடி நர்ஸ் படம் எடுத்து உனக்கு அனுப்பிவிடுவதாகச் சொல்லியிருக்கிறாள். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். என்னை ஐந்தாம் வகுப்போடு நிறுத்தினார்கள். நிறுத்தியவர் அன்று என்ன நிறச் சட்டை போட்டிருந்தார் என்பதுவரை நினைவிருக்கிறது. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

உன் அம்மா சுகம். என் முழங்கால் அப்படியே. நம் கட்டடத்து லிப்ட் மறுபடியும் நின்றுவிட்டது. ஊரில் இருக்கிற லிப்டை எல்லாம் உன் அப்பன் சரி செய்கிறான், இதை மட்டும் தொடமாட்டான். இது வேறு கம்பெனி லிப்டாம், கை வைத்தால் மரியாதை இல்லையாம். நான் படியேறி மூச்சு வாங்கும்போது இவன் மரியாதையைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

உன் ஆல்பத்தை முழுவதும் கேட்டேன். நர்ஸ் என் காதில் அந்தக் குமிழ்களை மாட்டிவிட்டாள். "நாலரையாவது மாடி" என்று பெயர் வைத்திருக்கிறாய். பெயர் நன்றாக இருக்கிறது. இரண்டாவது பாட்டின் நடுவில் தும்முகிறாயே, அதை வெட்டி எறிய ஆள் கிடைக்கவில்லையா? ஆறாவது பாட்டில் கொடியில் காயும் துணிகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போகிறாய், பின்னால் ஏதோ இரும்புக் கதவு இடிக்கிறது, அவ்வளவுதான் பாட்டு. அதில் என் உள்பாவாடையும் வருகிறது. உலகம் முழுக்கக் கேட்கிறதாமே. இதையும் மனதில் வைத்திருக்கிறேன்.

பாட்டைவிட, பாட்டுக்குக் கீழே ஜனங்கள் எழுதுவதுதான் எனக்குப் பிடித்துப்போனது. நர்ஸ் வேலை முடிந்து வந்ததும் நான் அவள் வீட்டுக்குப் போய்விடுவேன், அவள் வாசிப்பாள். அந்தத் தும்மல்தான் ஆல்பத்திலேயே உயர்ந்த இடம் என்று ஒருத்தி எழுதியிருக்கிறாள். அவளுக்கு ஜலதோஷம் வந்து நீண்ட நாள் இருக்கட்டும். துணிப் பாட்டைக் கேட்டு பஸ்ஸில் அழுதேன், இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டேன் என்று ஒரு பையன். நாலரையாவது மாடி என்றால் சாவு என்று ஒருவன், வேலை கிடைக்காத காலம் என்று இன்னொருவன், பாதியில் நின்ற காதல் என்று மூன்றாவது ஒருத்தி. மூன்று பேரும் அடித்துக்கொள்கிறார்கள். முகத்துக்குப் பதில் பூனைப் படம் வைத்திருக்கிறானே ஒருத்தன், அவன் உன் குரலை மரக்கதவு உரசுகிற மாதிரி இருக்கிறது என்று எழுதினான். நர்ஸ் கையால் அவனுக்கு ஒரு பதில் போடச் சொன்னேன். என்ன பதில் என்று கேட்காதே. அவன் பூனைப் படத்தை எடுத்துவிட்டான்.

இனி எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன். மூன்று நாளாக எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று மறந்துபோகிறது. எனக்கு, மறப்பது என்றால் என்னவென்றே தெரியாத எனக்கு.

ரசிகர்களில் ஒரு ஆள் இருந்தார், "பெயர் எதற்கு" என்று பெயர். உன் ரசிகப் பட்டாளம் அவரை "பெயர் எதற்கு அங்கிள்" என்று கூப்பிட்டுக் கேலி செய்யும். ஒவ்வொரு பாட்டுக்கும் கீழே தவறாமல் எழுதுவார். நர்ஸ் முதலில் வாசித்தது மூன்றாவது பாட்டுக்கு அவர் எழுதியது. "தொடக்கம் சரி. நடுவில் அதிர்வு அதிகம். ஒரு பக்கம் மட்டும் சத்தம் கூடுகிறது, கவனிக்கவும். பயன்படுத்தலாம்." நர்ஸ் விழுந்து விழுந்து சிரித்தாள், பாட்டைப் போய் யாராவது பயன்படுத்தலாம் என்பார்களா என்று கேட்டாள். நான் சிரிக்கவில்லை. பெண் பார்த்துவிட்டு வந்து, எப்படியடா இருக்கிறாள் என்று நான் கேட்டதற்கு, நல்ல குடும்பம், பேச்சு குறைவு, பயன்படுத்தலாம் என்று சொன்னவனைப் பெற்றவள் நான். உன் அம்மா அதற்காக இன்றுவரை அவனை மன்னிக்கவில்லை, நானாக இருந்தாலும் மன்னித்திருக்க மாட்டேன். ஆனால் அந்த வார்த்தைக்கு மேல் அவனிடம் வார்த்தை கிடையாது. சோதித்துப் பார்த்த லிப்டுக்குக் கீழே அதைத்தான் எழுதிக் கையெழுத்துப் போடுவான். அதை எழுதிவிட்டால் அதில் ஏறுகிறவர்களின் உயிருக்கு அவன் பொறுப்பு.

நான் நர்ஸிடம்கூடச் சொல்லவில்லை. வேலையிலிருந்து வந்தவன் சட்டையைக்கூடக் கழற்றாமல் போனும் கையுமாகக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் அம்மா துணி மடிக்கும்போது உன் பாட்டை முணுமுணுப்பாள், இவன் வந்தால் நிறுத்திவிடுவாள். அதனால் ஒரு நாள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வெளியிலேயே நின்றிருந்தான். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டேன். ஏனடா நிற்கிறாய் என்று கேட்டதற்கு, கதவுக் கீலில் சத்தம் வருகிறது, கேட்கிறேன் என்றான். கீலில் ஒரு சத்தமும் இல்லை.

போன வாரம் ஏழாவது பாட்டுக்கு எழுதினான். "இரண்டாவது வரியில் சுருதி விலகுகிறது" என்று. அதற்குத்தானே நீ எல்லோரும் பார்க்க எழுதினாய், அங்கிள், கோளாறு கண்டுபிடிக்க வேறு கட்டடத்துக்குப் போங்க என்று. அதற்கு எத்தனை பேர் சிரித்தார்கள்! அந்தத் தும்மல்காரி சிரித்ததையும் குறித்து வைத்திருக்கிறேன். அடுத்த நிமிடமே அவன் உள்ளே வரமுடியாதபடி நீ அடைத்துவிட்டாயாம். நர்ஸ் அதற்கு ஏதோ பெயர் சொன்னாள், பிளாக் என்று.

எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். தெரியாமல் செய்தாயா, தெரிந்தே செய்தாயா? வேறு கட்டடத்துக்கு என்று ஏன் எழுதினாய்? நர்ஸைக் கேட்டால், ஆல்பத்தின் பெயரில் மாடி இருக்கிறது, அதனால் கட்டடம் என்று எழுதியிருப்பாள், நீங்கள் சும்மா இருங்கள் பாட்டி என்கிறாள். காலையில் அது சரியென்று படுகிறது. மத்தியானம் ஆனால், பதினெட்டு வருடம் அந்த "பயன்படுத்தலாம்" கேட்டு வளர்ந்தவளுக்கா தெரியாமல் போகும் என்று தோன்றுகிறது. சாயங்காலம் மறுபடியும் நர்ஸ் சொல்வதுதான் சரி. இப்படியே படுக்கையில் புரளுகிறேன்.

உன் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. கோபம் வைத்துக்கொள்ளும் விஷயத்தில் நீ என்னை உரித்து வைத்திருக்கிறாய். அவன் வாங்கித் தந்த ஆபீஸ் வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு நீ கிளம்பிய அன்று, உன் முதல் பாட்டை அவன் காதில் வைத்தாய். இதே வார்த்தையைத்தான் சொன்னான், இரண்டாவது வரியில் சுருதி விலகுகிறது என்று. கூடவே, இது நிற்காது என்றான். நீ பையைத் தூக்கிக்கொண்டு கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனாய். அதற்கப்புறம் நடந்ததை நீ பார்க்கவில்லை, நான் பார்த்தேன். சாத்தின கதவைப் பார்த்துக்கொண்டு, முதல் வரி சரியாக இருந்தது என்றான். யாரிடம் சொன்னான் என்று எனக்குத் தெரியாது. நானும் அவன்மேல் கோபமாக இருந்தேன், எழுந்து உள்ளே போய்விட்டேன். இரண்டு வருடமாக நீ அவனோடு பேசவில்லை, அவனும் பேசவில்லை. இப்போதுதான் ஒரு மாதமாக, பெயர் இல்லாமல், பத்துப் பேர் சிரிக்கச் சிரிக்க, பேசிக்கொண்டிருந்தான்.

நேற்று போனை எடுத்துக்கொண்டு நர்ஸிடம் போயிருக்கிறான். இந்தப் பக்கம் மட்டும் திறக்கவில்லை அம்மா, போனில் ஏதோ கோளாறு, பார்த்துச் சொல் என்று கேட்டிருக்கிறான். அப்போதுதான் அவளுக்கே அங்கிள் யாரென்று தெரிந்தது. பாவம், முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல், நெட்வொர்க் சரியில்லை போல அண்ணா என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அவன் நம்பவில்லை. நெட்வொர்க் என்றால் எல்லாம்தானே நிற்கும், இது ஒன்று மட்டும் எப்படி நிற்கும் என்று கேட்டானாம். இரவெல்லாம் போனை அணைத்துப் போட்டு, அணைத்துப் போட்டு, தானே சரி செய்யப் பார்த்தான். அவனுக்கு எல்லாம் பழுதாகத்தான் தெரியும். தன்னை யாரோ வேண்டாம் என்று வைத்திருக்கிறார்கள் என்று அவன் புத்திக்கு எட்டவில்லை.

நாளைக் காலை தெருமுனை போன் கடைக்குக் கொண்டு போகப் போகிறானாம். அந்தக் கடைக்காரனை உனக்குத் தெரியும், வாயில் எதுவும் நிற்காது. பார்த்த மாத்திரத்தில், போனில் ஒன்றுமில்லை சார், அந்தப் பொண்ணு உங்களைத் தள்ளி வைத்திருக்கிறது என்று பத்து வாடிக்கையாளர் முன்னால் சொல்லிவிடுவான். நீ உன் அப்பாவோடு பேசு என்று நான் கேட்கவில்லை. மன்னித்துவிடு என்றும் கேட்கவில்லை, மன்னிப்பதைப் பற்றிப் பேச எனக்கு என்ன யோக்கியதை? நான் மன்னிக்காததை எல்லாம் பட்டியல் போட்டால் என் பெட்டி கொள்ளாது. கடை திறப்பதற்குள் அந்தப் பக்கத்தை அவனுக்குத் திறந்துவிடு. பழுது தானாகச் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வான். நான் எழுதியது அவனுக்குத் தெரிய வேண்டாம்.

எட்டாவது பாட்டுக்கு அவன் எழுதி வைத்திருக்கிறானாம், போகாமல் போனிலேயே கிடக்கிறது. நர்ஸ் வாசித்துவிட்டாள், என்னிடம் சொல்லவும் செய்தாள். நான் இங்கே எழுதமாட்டேன். அது அவன் உனக்கு எழுதியது. வந்ததும் படி. படித்துவிட்டுக் கோபம் வந்தால் திட்டு, அங்கிள் என்றே வைத்துத் திட்டு, தும்மல்காரியும் சேர்ந்து சிரிக்கட்டும். ஆனால் அவன் கண்ணில் படுகிற மாதிரித் திட்டு. அவனுக்குத் திட்டும் பதில்தான்.

வெந்நீர் குடி. தொண்டையைப் பார்த்துக்கொள். மேடையில் நிற்கும்போது காலுக்குச் செருப்பு போட்டுக்கொள், கீழே ஒயர் கிடக்கும். உன் பேரும் புகழும் உன் பாட்டியின் ஆயுசைத் தாண்டி ஓட வேண்டும்.

காலையில் கடைக்குக் கிளம்புகிறவனை என்ன சொல்லி நிறுத்துவது என்று யோசித்தபடி,
உன் பாட்டி