சாயங்காலத்து மேளம்

அன்புள்ள உனக்கு,

இந்த நேரத்தில் எழுதுகிறேன், மன்னித்துக்கொள். இருட்டிவிட்டால் உனக்குப் பேச்சு முடிந்துவிடும். முகமும் கையும் தெரியாத நேரத்தில் என்ன பேசுவது என்று போர்த்திக்கொண்டு படுத்துவிடுவாய். எனக்குத் தெரியும். ஆனாலும் இன்றைக்கு எழுதாமல் முடியவில்லை.

பிள்ளை இப்போதுதான் தூங்கினான். தண்ணீர் குடிக்க எழுந்தபோது பீரோ மேலிருந்து அந்த வாசனை வந்தது. மழைக்கு முன்னால் கருவாட்டுக் கூடையிலிருந்து வருமே, உப்பும் ஈரமுமாக ஒரு வாசனை, அது. உன் மேளம்தான். கடல்காற்று ஏறிவிட்டால் இன்னும் அப்படித்தான் நனைந்துபோகிறது. இறக்கி மடியில் வைத்துக்கொண்டேன். தோலில் விரலை வைத்தால் குழந்தையின் வயிறு மாதிரி அமுங்குகிறது.

விடியுமுன்னே முதல் பஸ்ஸில் பொன்னேரி, அங்கிருந்து ரயிலில் சென்னை. பிள்ளைக்குக் காது கேட்கிறதா என்று சோதிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். இத்தனை நாளும் இந்த வாக்கியத்தை நான் வாயால்கூட முழுதாகச் சொன்னதில்லை.

அவனுக்கு இன்னும் ஒரு வயது ஆகவில்லை. சிரிக்கிறான், தவழ்கிறான், என் மூக்கைப் பிடித்து இழுக்கிறான். ஆனால் குக்கர் விசில் அடித்தால் திரும்புவதில்லை. பக்கத்து வீட்டில் புதுப் படகு இறக்கிய அன்று வாசலில் வெடிச் சரம் வைத்தார்கள். தெருநாய் எல்லாம் ஓடிப்போய் ஏரிக்கரையில் நின்றது. இவன் தொட்டிலில் காலை ஆட்டிக்கொண்டு மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அன்றிலிருந்து எனக்கு வேறு வேலையே இல்லை. அவன் முதுகுப் பக்கம் நின்று தட்டைத் தட்டுகிறேன், கதவைச் சாத்துகிறேன், பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறேன். சில நேரம் திரும்புகிறான். காதில் விழுந்து திரும்பினானா, என் நிழலைப் பார்த்துத் திரும்பினானா? பிறகு அதே சந்தேகம்.

என் மாமியார் சத்தம் போடுகிறார். "இன்னாமா நீ, பச்ச புள்ளைய போயி பூனை எலிய பாக்குற மாதிரி பாத்துக்குனே கீற. உன் ஊட்டுக்காரன் ரெண்டு வயசு வரைக்கும் வாயே தொறக்கல. இப்ப மூடுறானா?"

என் வீட்டுக்காரரோ, "எதுக்கெடுத்தாலும் போன்ல தேடிப் பாத்துட்டு பயந்துக்காத, டாக்டர் சொல்லட்டும்" என்கிறார். அப்படிச் சொன்ன மனிதர், நான் குளித்துவிட்டு வரும்போது பிள்ளைக்குப் பின்னால் உட்கார்ந்து பைக் சாவியைக் குலுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சட்டென்று பையில் போட்டுக்கொண்டு, "சாவி எங்கனு தேடிக்குனு இருந்தேன்" என்றார். அவரும் பயந்துதான் இருக்கிறார்.

உன்னிடம்தான் கேட்க முடியும். இந்த ஊரில் காது கேட்காத பக்கத்திலிருந்து பதில் சொல்லத் தெரிந்தவள் எனக்குத் தெரிந்து நீ ஒருத்திதான்.

இந்த மேளத்தை நாம் கட்டிய வருஷம் நினைவிருக்கிறதா? லைட்ஹவுஸ் குப்பத்தில் அம்மன் திருவிழாவுக்குப் பம்பைக்காரர் வந்திருந்தார். எல்லாரும் சாமி பார்க்க முண்டியடிக்க, நீ அவர் இடுப்புப் பக்கம் போய் நின்றுகொண்டாய். "எட்ட போ பாப்பா, குச்சி பட்டுடப் போவுது" என்றார். நீ நகரவில்லை. "அதுக்குக் காது கேக்காதுங்க" என்று யாரோ சொன்னதும் அவர் உன்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு உன் கையை எடுத்துப் பம்பையின் விலாவில் வைத்துவிட்டு அடித்தார். ஊர்வலம் குப்பம் சுற்றி வரும்வரை நீ கையை எடுக்கவே இல்லை. மறுநாள் பள்ளிக்கூடத்தில், உன் வழக்கப்படி என் முன்கையில் விரலால் எழுதினாய்: "எனக்கு ஒன்று வேண்டும்."

சாய்ந்து வயிறு உளுத்துக் கிடந்த பனைமரத்திலிருந்து ஒரு துண்டை உன் நைனா அறுத்துக் கொடுத்தார். "இன்னாடி இது, பூனைக்குக் கூண்டா?" என்று உன்னைப் பார்த்துக் கையை ஆட்டிச் சிரித்தார். உள்ளே கங்கு போட்டுக் கருக்கி, அரிவாள் நுனியால் சுரண்டிச் சுரண்டிக் குடைந்தோம். ஆட்டுத்தோல் வாங்கப் பொன்னேரி போகவேண்டும் என்று நான் சொன்னேன். நீ கரையில் கிடந்த திருக்கை மீனைக் காட்டினாய். அன்று நைனாவின் வலையில் வந்தது. முறம் அளவுக்கு இருந்தது. தோலை உரித்து, செங்கல் துண்டால் தேய்த்துத் தேய்த்து அதன் முள்ளையெல்லாம் மழுக்கினோம். என் விரல் நுனி கிழிந்து இரண்டு நாள் சோறு பிசைய முடியவில்லை.

அப்புறம்தான் அந்தக் காரியம் நடந்தது. உன் அம்மா வந்து பார்த்துவிட்டு, உப்புப் பானையைக் கொண்டுவந்து தோலின் இரண்டு பக்கமும் அள்ளி அப்பினார். "தோலுன்னா இன்னா, மீனு மீனுதான். உப்பு வெக்கலன்னா புழு வெக்கும்." அது தப்பு என்று நமக்கும் தோன்றவில்லை, நைனாவுக்கும் தோன்றவில்லை. கடலிலிருந்து எது வந்தாலும் உப்பு போட்டுக் காயவைப்பதுதானே நம் வீடுகளில் கைப்பழக்கம். மேளத்துக்கும் அதையே செய்துவிட்டோம்.

குப்பத்தில் நாய்த்தொல்லை என்று, பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கல்லறை மதிலில் கொண்டுபோய் விரித்தோம். காவல்காரத் தாத்தா ஓடிவந்தார். "ஏய் பொண்ணுங்களா! துரைங்க தூங்குற எடத்துல கருவாடு காய வெக்கிறீங்களா? மோந்துக்குனு எழுந்து வந்துரப் போறாங்க!" நான் பதறிப்போனேன். நீ அவர் வாயையே பார்த்துவிட்டு, வாசல் தூணில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூட்டைக் காட்டினாய். பிறகு மூக்கைப் பொத்திக்கொண்டு அதே மாதிரி கோணலாக நின்றாய். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. காயும்வரை அவரே கல் வைத்துப் பார்த்துக்கொண்டார்.

தோல் காயக் காத்திருந்த அந்த மத்தியானங்களில், கல்லறைக் கற்களில் ஒல்லாந்தர் எழுத்தை விரலால் தடவிக்கொண்டே போவாய். எனக்கு ஒரு எழுத்தும் விளங்காது. வருகிற போகிற யாருக்கும் விளங்காது. ஒருநாள் என் கையில் எழுதினாய்: "இங்கே எல்லாரும் என்னை மாதிரி." எழுதிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

வலை முடிச்சுப் போட்டு நைலான் கயிற்றால் தோலை இழுத்துக் கட்டியது நீதான். உச்சி வெயிலில் முதல் அடி அடித்தபோது கணீரென்று வந்தது பார், வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்தார்கள். சாயங்காலம் கடல்காற்று ஏறியது. மேளம் படுத்துவிட்டது. அடித்தால் ஈரத் துணியை அடிக்கிற மாதிரி பொத்தென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மறுநாள் வெயிலில் பேசியது, சாயங்காலம் மறுபடியும் ஊமையாகிவிட்டது. "மத்தியான மேளம் வருது டோய்!" என்று பையன்கள் நம் பின்னாலேயே வந்தார்கள்.

அடுத்த திருவிழாவுக்குப் பம்பைக்காரர் வந்ததும் அவரிடம் எடுத்துக்கொண்டு போனோம். தோலை நக்கிப் பார்த்தார். துப்பிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "மேளத்துக்கு உப்பு போட்ட ஊரு உங்க ஊருதாம்மா! உப்பு காத்துல கீற ஈரத்த குடிக்கும். இது வேலைக்காவாது. வேற தோலு கட்டுங்க."

நானும் அதையே சொன்னேன். நீ கேட்கவில்லை. என்னைக் கரைக்கு இழுத்துக்கொண்டு போய், தளர்ந்து கிடந்த தோலில் என் உள்ளங்கையை அழுத்தி வைத்தாய். அதே தோலின் மறு ஓரத்தில் அடித்தாய். சத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் தோல் மெதுவாக, பெரிசாக ஒரு நடுக்கம் நடுங்கியது. அலை வந்து காலடி மணலை இழுக்குமே, அதுபோல. முழங்கை வரைக்கும் ஏறியது. மத்தியானத்தில் அது அப்படி நடுங்கியதே இல்லை. என் முகம் மாறியதைப் பார்த்துவிட்டு எழுதினாய்: "பகல் உங்களுக்கு. சாயங்காலம் எனக்கு."

அதற்கப்புறம் அந்தத் தோலை மாற்றுகிற பேச்சை நான் எடுக்கவில்லை.

நீ போனபோது நான் சென்னையில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். மழைக்காலத்துக் காய்ச்சல், மூன்று நாளில் முடிந்துவிட்டது என்று சொன்னார்கள். நான் வந்து சேர்ந்தபோது வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். உன் அம்மா மேளத்தை எடுத்து என் மடியில் வைத்தார். "நீ எடுத்துக்குனு போம்மா. சாயங்காலம் ஆனா என் கை தானா அதுங்கிட்ட போவுது. எனக்கு ஆவல." அத்தனை வருஷமும் நீ மேளத்தோடு உட்காரும்போதெல்லாம் உன் அம்மாவும் எதிரில் வந்து கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

இன்று சாயங்காலம் செய்ததை என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. காற்று ஏறியதும் மேளத்தை இறக்கி, பிள்ளைக்குப் பின்னால் வைத்து அடித்தேன். அவன் திரும்பவில்லை. ஓங்கி அடித்தேன். திரும்பவில்லை. அடுத்த அறையிலிருந்து மாமியார் எட்டிப் பார்த்து, "அத மடியில வெச்சிக்குனு இன்னா பண்ற?" என்றார். அவர் காதிலும் ஒன்றும் விழவில்லை! ஊமையாகிக் கிடக்கிற மேளத்தை வைத்துக்கொண்டு பிள்ளையின் காதைச் சோதிக்கிறேன். பயம் வந்தால் எனக்குப் புத்தி இப்படித்தான் போகிறது.

அப்புறம் அவனை முன்னால் உட்கார வைத்து, அவன் கையைத் தோலில் வைத்து, மெதுவாக அடித்தேன்.

அப்படியே உறைந்துபோனான். வாயில் இருந்த எச்சில் வழிகிறது, துடைக்கவும் இல்லை, அசையவும் இல்லை. மேளத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். அடுத்த அடிக்கு இரண்டு கையையும் வைத்தான். அதற்கடுத்து குனிந்து கன்னத்தை வைத்தான். நீ வைப்பாயே, அதே மாதிரி, கண்ணை மூடிக்கொண்டு. நான் நிறுத்தியதும் தோலைப் பட்பட்டென்று தட்டினான். "இன்னும்" என்கிறான். எந்தப் பிள்ளையும் அதைத்தான் செய்யும், அதனால் அவன் காதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரிந்துவிடவில்லை. கேட்கிற பிள்ளைக்கும் அந்த நடுக்கம் பிடிக்கும். எனக்கே பிடித்ததே. நாளைக்கு அவர்கள் எதையும் சொல்லலாம். எதைச் சொன்னாலும் இந்த மேளத்தில் அவனுக்கு ஒரு பங்கு இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் இந்த நேரம் வரை உட்கார்ந்திருக்கிறேன்.

ஆனால் வேறொன்று என்னை விடவில்லை. போனில் அந்த ஆஸ்பத்திரிப் பெண் எல்லாம் விளக்கினாள். "சத்தம் போகாத ரூம்ல நீங்க குழந்தைய மடியில வெச்சுக்கணும் மேடம். ஸ்பீக்கர்ல சவுண்ட் வரும். நீங்க திரும்பக் கூடாது, அசையக் கூடாது. உங்களப் பாத்து அவன் திரும்பிடுவான்." சரி என்றேன். போனை வைத்ததும் உன் நினைவுதான் வந்தது.

உன்னைச் சின்ன வயதில் அப்படி ஒரு அறைக்குக் கூட்டிப்போனதை ஒருநாள் கரையில் எழுதிக் காட்டினாயே. தர்காவில் ஓதி, கோயிலில் மண்சோறு சாப்பிட்டு, கடைசியில் உன் அம்மா உன்னை அங்கே கொண்டுபோனார். பயமாக இருந்ததா என்று கேட்டேன். ஈர மணலில் எழுதினாய்: "நான் பயம் இல்லை. அம்மா பயம்." உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். முதுகைத் திருப்பி என் நெஞ்சில் சாய்ந்து, உன் தொடையில் விரலால் அடித்துக் காட்டினாய். வேகமாக, வேகமாக, மூச்சு விடாமல். "அம்மா நெஞ்சு மேளம்" என்று எழுதினாய். அலை வந்து அழித்துவிட்டது.

நாளைக்கு என் பிள்ளையின் முதுகு என் நெஞ்சில்தான் இருக்கும். முகத்தை நான் அசைக்காமல் வைத்துக்கொள்வேன். தலையைத் திருப்பமாட்டேன். இந்த நெஞ்சை என்ன செய்வது? இப்போதே அது கேட்கிறது, இந்தப் பேனா வழியாகக்கூட. ஸ்பீக்கரில் வருவது அவனுக்குக் கேட்குமோ கேட்காதோ, இது அவனுக்குக் கட்டாயம் தெரிந்துவிடும்.

அந்த அறையில் உன் அம்மா எப்படி உட்கார்ந்திருந்தால் உனக்கு நன்றாக இருந்திருக்கும்? அது ஒன்றைத்தான் கேட்கிறேன். மேளத்தையும் பையில் எடுத்து வைத்துவிட்டேன்.

விடிவதற்குள் கிளம்பிவிடுவோம். சீக்கிரம் பதில் போடு.