டிரெய்லரின் நான்கு ஓட்டைகள்

என்னங்க,

ஆயுதபூஜைக்கு அழகாக இருக்கட்டும் என்று டிராக்டர் டிரெய்லரின் இரும்புச் சட்டத்துக்கு அடியில் இருந்த நான்கு ஓட்டைகளையும் பட்டி வைத்து அடைத்துப் பெயின்ட் அடித்தீர்களே, அவை மழைத்தண்ணீர் வடிவதற்கென்றே வைத்த ஓட்டைகள். நேற்று இதைச் சொன்னதற்கு, "பொம்பளைக்கு இன்னா தெரியும்?" என்று பக்கத்து வீட்டு மணிவேல் அண்ணன் எதிரிலேயே சிரித்தீர்கள்.

இன்று ஆணியும் சுத்தியலும் எடுத்து நானே திறந்துவிட்டேன். கொட்டிய துருத்தண்ணீரை வாளியில் பிடித்து வாசலில் வைத்திருக்கிறேன். அண்ணனையும் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

குழம்பைச் சுட வைத்துச் சாப்பிடுங்கள். நான் வேங்கிக்காலில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போகிறேன், சாயங்காலம் வந்துவிடுவேன். மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டேன்.

கஸ்தூரி

பி.கு.: நான்கு ஓட்டைக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருக்கிறேன். இனிமேல் அடைக்க உங்களுக்குக் கை வருமா, பார்ப்போம்.