நாளைக்கு வாங்கோ

நேற்று நான் வேலைசெய்யும் கந்தோரில் நேர்முகத் தேர்வு. மேசைக்கு இந்தப் பக்கம் இருந்த மூவரில் நானும் ஒருத்தி. உள்ளே வந்த ஒரு பெண்ணிடமிருந்து ஓடிக்கொலோன் மணத்தது. அவளிடம் கேட்கவேண்டிய கேள்வி எனக்கு மறந்துபோயிற்று. அது உன் மணம், சிநேகிதி.

இருபது வருடத்துக்கு மேலாகிறது. குருநகரில் உங்கள் வீட்டில் இருந்துதான் நாங்கள் இருவரும் இந்த வேலைக்குத் தயாரானோம். ஒரே கம்பஸ், ஒரே பட்டம். இருந்ததும் ஒரே ஒரு பதவி வெற்றிடம். நீ கதிரையில் நிமிர்ந்திருந்து கேள்வி கேட்பாய். பிறகு நான் கேட்பேன். உன் அம்மா மீன் விற்பவர் என்பதால் உடுப்பில் மணம் ஒட்டியிருக்குமோ என்று உனக்கு எப்போதும் பயம்.

“மீன் மணக்குதோடி?”

“இல்லையடி, ஆஸ்பத்திரி மணக்குது. அரைப்போத்தல் ஓடிக்கொலோனை ஊத்திப்போட்டாய்.”

அலுவலாக வருகிற சனங்களோடு எப்படி நடந்துகொள்வீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். நான் அதற்குப் புத்தகப் பதில் ஒன்றைப் பாடமாக்கி வைத்திருந்தேன். நீ யோசிக்காமலே சொன்னாய்: “வீட்டுக்கு வந்த ஆக்களைப் ‘போயிட்டு வாங்கோ’ எண்டு அனுப்பினால் அது மரியாதை, சேர். கந்தோருக்கு வந்த ஆக்களை ‘நாளைக்கு வாங்கோ’ எண்டு அனுப்பினால் அது துரத்துறது. நான் துரத்தமாட்டன்.”

நேர்முகத் தேர்வன்று, அகரவரிசையில் என் பெயர் முந்தி. அதே கேள்வி வந்தது. பாடமாக்கியது நாவில் வரவில்லை; உன் பதில் வந்தது. கேள்வி கேட்ட மூவரும் சிரித்தார்கள். தலைவர் பேனையை எடுத்து ஏதோ எழுதினார். வெளியே வாங்கில் உட்கார்ந்து காத்திருந்த உன்னிடம் சொல்லியிருக்கலாம். “லேசான கேள்விதான் கேக்கினம், போ” என்றேன்.

பத்து நிமிடத்தில் நீ வந்தாய். “அந்தப் பெரியவர் சொல்லுறார், ‘உந்தப் பதிலை இப்பதானே கேட்டனாங்கள் பிள்ளை, சொந்தமாய் ஒண்டும் இல்லையோ’ எண்டு.” சொல்லிவிட்டுச் சிரித்தாய்.

வேலை எனக்குக் கிடைத்தது. நீ வீடு வீடாகப் போய் ரியூசன் கொடுத்தாய். அந்தப் பதிலைப் பற்றி நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இந்தக் கதிரையிலிருந்து எத்தனை பேரை ‘நாளைக்கு வாங்கோ’ என்று நான் அனுப்பியிருப்பேன் என்பதும் உனக்குத் தெரியாது.

போன மாதம் உன் சவப்பெட்டியருகே நின்றபோது, உன் கணவர் யாரோ உறவினருக்கு என்னைக் காட்டினார்.

“இவதான் அந்தச் சிநேகிதி. இன்ரவியூவிலை சொல்லச்சொல்லி இவவுக்குத் தான்தான் பதில் குடுத்தது எண்டு என்ரை மனுசி எப்பவும் பெருமையாய்ச் சொல்லுவா. அப்பிடித்தானே, அக்கா?”

நீ கொடுக்கவில்லை. நான் எடுத்தேன். உன் பிள்ளைகள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“ஓம்” என்றேன்.

மறுமையில் எனக்கு நம்பிக்கை இல்லை. இதை நீ வாசிக்கமாட்டாய் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். உன் வீட்டில் என் மானம் போகாதிருக்க நீ ஒரு பொய் சொல்லி வைத்திருந்தாய். அது பொய் என்று அறிந்தவள் இனி நான் ஒருத்திதான்.