அப்பா தூக்கிப் போட்ட தோட்டாக்கள்

கூட்டேரிப்பட்டு,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் இளவரசிக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அந்த வெயில் ஊரில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று மயிலம் முருகனைக் கேட்டுக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். இங்கே நாங்கள் இரண்டு பேரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், மனசைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. நீ போனில் கேட்கும்போதெல்லாம் பக்கத்தில் யாராவது இருக்கிறார்கள், நானும் ம் ம் என்று சொல்லி வைத்துவிடுகிறேன். ஜனங்களைப் பார்த்துத் துப்பாக்கி நீட்டிய மிலிட்டரிக்காரர் என்று அப்பாவின் வீடியோவைப் போட்டிருக்கிறார்களாமே, அதை நீயும் பார்த்திருப்பாய். நடந்தது அது இல்லை. முதலிலிருந்து சொல்கிறேன், பதறாமல் படி.

போன வாரம் ஒரு சாயங்காலம் என் தம்பி, உன் பூவரசன் மாமா, கவிதா அத்தையைப் பின்னால் வைத்துக்கொண்டு பைக்கில் வந்திருக்கிறான். நம் ஊர் பாலத்துக்கு அடியில் திரும்பும்போது மீன் ஏற்றி வந்த லோடு வண்டி இடித்துவிட்டது. அத்தைக்குச் சிராய்ப்புதான், மாமாவுக்குத் தொடை எலும்பு முறிந்து ரத்தமாக ஓடியிருக்கிறது. வண்டி ஓட்டியவர் கோட்டக்குப்பத்துக்காரர், பெயர் ஃபைசல், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். அவர் ஓடவில்லை. இறங்கி வந்து மாமாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஆம்புலன்சுக்குப் போன் பண்ணியிருக்கிறார். அதற்குள் கூட்டம் சேர்ந்து அவரை அடிக்கத் தொடங்கிவிட்டது. பெயரைக் கேட்டார்களாம், பெயரைச் சொன்ன பிறகு அடி இன்னும் பலமாக விழுந்ததாம். அத்தையின் அண்ணன் தென்னரசு கடையிலிருந்து இரும்புக் கம்பியோடு ஓடி வந்திருக்கிறான்.

அந்த நேரம்தான் அப்பா திண்டிவனத்தில் பேங்க் காவல் வேலையை முடித்துக்கொண்டு பஸ்ஸை விட்டு இறங்கியிருக்கிறார், தோளில் உறை போட்ட அவருடைய லைசென்ஸ் துப்பாக்கி. கீழே கிடப்பது மச்சான் என்று தெரிந்ததும் துண்டைக் கிழித்துத் தொடையை இறுக்கிக் கட்டி, ஆம்புலன்ஸ் வந்ததும் ஏற்றிவிட்டார். நீங்களும் ஏறுங்கண்ணா, எனக்கு பயமா இருக்குது என்று அத்தை அழுதிருக்கிறாள். அப்பா ஏறவில்லை. நீ போம்மா, நான் இங்க இல்லன்னா இந்தப் புள்ளைய கொன்னுடுவாங்க என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார். அதைத்தான் அவளால் இன்றுவரை தாங்க முடியவில்லை.

டீக்கடை ஷட்டரில் ஃபைசலைச் சாய்த்து நிறுத்தி அப்பா முன்னால் நின்றிருக்கிறார். துப்பாக்கியை உறையிலிருந்து எடுத்ததும் கூட்டம் கொஞ்சம் பின்வாங்கியது, பிறகு எங்கிருந்தோ ஒரு கல் வந்து அவர் நெற்றியைக் கிழித்தது. அதற்குப் பிறகு நடந்தது வீடியோவில் இல்லை. பாக்கெட்டிலிருந்த தோட்டாக்களை அள்ளி ரோட்டோரக் கால்வாயில் வீசிவிட்டார். காலித் துப்பாக்கியை இரண்டு கையாலும் குறுக்கே பிடித்துக்கொண்டு, போலீஸ் ஜீப் வந்து ஃபைசலை ஏற்றிக்கொள்ளும்வரை நெஞ்சால் தள்ளித் தள்ளியே ஆட்களை நிறுத்தியிருக்கிறார்.

உனக்கே தெரியும், கார்கிலைப் பற்றி அப்பா வாய் திறந்ததே இல்லை. நீ என் வயிற்றில் இருந்தபோது அங்கே போனவர், தோளில் இரும்புத் துண்டோடும் ஒரு காது கேட்காமலும் திரும்பி வந்தார். தீபாவளி என்றால் காலையிலேயே மண்டகப்பட்டு குகைக்கோயில் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டு வெடிச் சத்தம் ஓய்ந்த பிறகுதான் வருவார், நானும் ஏன் என்று கேட்டதில்லை. இந்தத் தடவை கேட்டேன், தோட்டாவை ஏன் எறிந்தீர்கள் என்று. கை தானா பாக்கெட்டுக்குப் போச்சு தையலு, மலைல எப்படிப் போச்சோ அப்படியே போச்சு, எதிர்ல நிக்கிறது நம்ம ஜனம்னு எனக்குத் தெரியுது, என் கைக்குத் தெரியல, இன்னொரு கல்லு வந்திருந்தா போட்டுச் சுட்டிருப்பேன் என்றார். சொல்லிவிட்டு அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது அதுவே வம்பாகிவிட்டது. கால்வாயைத் தோண்டித் தேடியதில் ஒரு தோட்டா மட்டும் கிடைக்கவில்லை. துப்பாக்கியை ஸ்டேஷனில் வாங்கி வைத்துக்கொண்டார்கள், விசாரணை முடியும்வரை பேங்குக்கும் வர வேண்டாம் என்றுவிட்டார்கள். ஒரு போலீஸ்காரர் நல்ல மனசோடு, தள்ளுமுள்ளுல கீழ விழுந்துடிச்சுன்னு சொல்லுங்க சார், ஜல்தியா முடிஞ்சிடும் என்று சொல்லிப் பார்த்தார். நானாத்தான் போட்டேன், அப்படித்தான் எழுதிக்கங்க என்கிறார் இவர். கம்பியோடு வந்தவன் யார் என்று போலீஸ் கேட்டால் ஊரில் ஒருவருக்கும் தெரியாதாம். சுதந்திர தினத்துக்குக் கொடியேற்ற அப்பாவைத் தேடி வந்து கூப்பிட்டவர்கள் இப்போது டீக்கடையில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

நானும் அவரோடு சரியாகப் பேசவில்லை இளவரசி. சோற்றைப் போட்டு வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவேன். ஒரு நாள் கேட்டே விட்டேன், என் தம்பி அங்கேயே செத்திருந்தாலும் அந்த ஆளுக்கு முன்னால் நின்றிருப்பீர்களா என்று. நின்னிருப்பேன் என்றார். அன்று அவருக்குச் சோறுகூடப் போடாமல் கிளம்பிவிட்டேன்.

ஃபைசலின் அம்மா தாஜுன்னிசா ஆஸ்பத்திரிக்கு வந்தார். அத்தை வாய்க்கு வந்தபடி கத்தினாள், அவள் கத்தி முடிக்கும்வரை அவர் அங்கேயே நின்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்க தம்பி பொழைக்கணும்னு தொழுதுகினே இருக்கறேன்மா, எம்புள்ள உசுரோட கெடக்கறான்னா உங்க வூட்டுக்காரராலதான் என்றார். நானும் அவர் கையை விடவில்லை.

மாமாவுக்குக் காலில் கம்பி வைத்திருக்கிறார்கள். முந்தாநாள்தான் தெளிவாகப் பேசினான். அத்தை எல்லாவற்றையும் சொல்லி அழுதாள், மாமா எங்க என்று அப்பாவைத்தான் கேட்டான். அவள் உள்ளே விடாததால் அப்பா தினமும் வார்டு வாசல் குழாயடியிலேயே நின்றுகொண்டிருந்தார். போய்க் கூட்டி வந்தேன். மாமா அவர் நெற்றிக் கட்டைப் பார்த்துவிட்டு, என்னைக் கட்டி ஏத்திட்டுத்தான அங்க போய் நின்னீங்க, அது போதும் மாமா என்றான். அப்பா அவன் போர்வையைச் சரி செய்தார். அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நாளைக்குத் திண்டிவனத்தில் போலீஸ் விசாரணை. நீ வராத, ஊரு பாக்கும் என்றார் அப்பா. வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவர் செய்தது சரி என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை, ஆனால் அவரைத் தனியாக அங்கே உட்கார வைக்க முடியாது.

ஃபைசலின் அண்ணன் யாஹ்யா நாளைக்கு ஷார்ஜா கிளம்புகிறார், அவரிடம்தான் இதையும் வறுத்த மல்லாட்டைக் கடலையையும் கொடுத்தனுப்புகிறேன். அவருக்கு ஒரு வாய் சாப்பாடு போட்டு அனுப்பு. வீடியோவுக்குக் கீழே யாரோடும் சண்டை போடாதே. அப்பாவுக்குப் போன் பண்ணினால் கேஸைப் பற்றிக் கேட்காமல் உன் வேலையைப் பற்றிப் பேசு. நேரத்துக்குச் சாப்பிடு. இருவரும் நோயில்லாமல், யாருக்கும் பயப்படாமல் நெடுநாள் வாழ வேண்டும்.

உன் அம்மா,
தையல்நாயகி

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது கவிதா அத்தை வந்தாள். உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்று, காலைல எத்தன மணி பஸ்ஸு அண்ணி, நானும் வர்றேன், கம்பி எங்க அண்ணன் கைலதான் இருந்திச்சு, நான் பாத்தேன், அத நான்தான் சொல்லணும் என்றாள்.