நல்ல நம்பர்

மாமா,

இன்று காலை உங்கள் பழைய சர்க்கரை மீட்டர் பையைத் திறந்தேன். ஸ்பிரிட் பஞ்சின் வாசனையோடு உங்கள் விபூதி வாசனையும் வந்தது. நீங்கள் போய்ச் சேர்ந்து இரண்டு வருடமாகியும் இந்தப் பையை விட்டுப் போக உங்களுக்கு மனமில்லை போலிருக்கிறது.

உங்கள் வீட்டில் சர்க்கரைதான் எமன். தெலுங்கு தேசத்து அல்வாலில் இருந்த வீட்டுக்கு நான் மருமகளாக வந்த மறுநாளே பார்த்தேன்: நீங்கள், அத்தை, உங்கள் தம்பி எல்லோரும் காபிக்கு முன்னால் வரிசையாக விரலைக் குத்திக்கொண்டீர்கள். யாருக்குக் குறைவாக வருகிறதோ அவருக்குக் கைதட்டல். “நல்ல நம்பர்!” என்பீர்கள், பரீட்சையில் பாஸான பையன் முகத்தோடு. மாத்திரையிலேயே காலத்தை ஓட்டியவர் நீங்கள். சர்க்கரை இறங்கினால் என்ன ஆகும் என்பது உங்களுக்கு ஒருநாளும் தெரிய வந்ததில்லை.

உங்கள் பேத்தி மீனு பிறந்தாள். இவள் உடம்பு தேவைக்கு மேல் இன்சுலினைச் சுரக்கிறது போலிருக்கிறது என்றார் டாக்டர். ஒவ்வொரு முறை பால் கொடுக்கும் முன்பும் சோதிக்க வேண்டும், எழுபதுக்குக் கீழே போனால் உடனே பாலைக் கொடுத்துத் தூக்கிக்கொண்டு ஓடிவர வேண்டும் என்றார். உங்கள் எதிரில்தான் சொன்னார். நீங்களும் தலையை ஆட்டினீர்கள்.

ரத்தப் பரிசோதனை முடிவை வாங்க நானும் உங்கள் மகனும் போன பகலில் குழந்தை உங்களிடம் இருந்தாள். குதிகாலில் வலிக்காமல் குத்த உங்களை விட்டால் வேறு யார்? நாங்கள் திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போதே வாசலுக்கு வந்துவிட்டீர்கள்.

“முப்பத்தெட்டும்மா! நம்ம வம்சத்துலயே இப்படி ஒரு நல்ல நம்பர் வந்ததில்ல. அசந்து தூங்குறா, பாலுக்கு எழுப்பல.”

அவள் தூங்கிக்கொண்டிருக்கவில்லை. தொட்டிலில் கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தன.

ஆஸ்பத்திரி நடையில் கேட்டேன்: “டாக்டர் எழுபதுன்னு சொன்னாரே மாமா?”

“சுகர் ஏறுனாத்தாம்மா பயம். எறங்குனா எதுக்குப் பயம்?” என்றீர்கள். அந்த இடத்திலேயே உங்கள் சட்டையைப் பிடித்து உலுக்கியிருப்பேன். மரியாதை தடுத்தது. அந்த மரியாதையை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிகிறது.

இன்சுலின் சுரப்பதைக் குறைக்க டயசாக்சைடு மருந்து கொடுத்தார்கள். பிஞ்சுக் கன்னத்திலும் முதுகிலும் முடி வளர்ந்ததே தவிர, சர்க்கரை இறங்குவது நிற்கவில்லை. கோளாறு கணையம் முழுக்கப் பரவியிருந்ததால் அதை ஏறக்குறைய மொத்தமாக வெட்டி எடுத்தார்கள். உயிர் தங்கியது. சர்க்கரை இல்லாமல் மூளை பட்டினி கிடந்த நேரத்தைத் திருப்பித் தரத்தான் மருந்தில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். எல்லாக் குழந்தைகளுக்கும் இப்படி ஆவதில்லையாம், சீக்கிரம் கவனித்தால் பலர் நன்றாகவே வளர்கிறார்களாம். அதையும் கேட்டுக்கொண்டு நின்றேன்.

மீனு ஏன் இப்படி என்று உறவுக்காரர்கள் கேட்டால், “பொறவியிலயே அப்படி” என்பீர்கள். நோய் பிறவியில் வந்தது மாமா. அந்தப் பகல் பிறவியில் வந்ததில்லை. “நான் எழுப்பியிருக்கணும்” என்ற ஒரு சொல்லுக்காகக் கடைசிவரை காத்திருந்தேன். கடைசிப் படுக்கையில் என் கையைப் பிடித்தீர்கள். வந்துவிட்டது என்று குனிந்தேன். “எனக்கு இன்னிக்கு எவ்வளவும்மா?” என்றீர்கள். சொன்னேன். “நல்ல நம்பர்” என்று கண்ணை மூடிக்கொண்டீர்கள்.

உங்கள் மடியில் உட்கார்ந்து தினமும் உங்கள் நம்பருக்குக் கைதட்டியவள் மீனு. இப்போது பதினொரு வயது. பேசுகிற கொஞ்சமும் பள்ளியில் கற்ற தெலுங்கும் தெருவில் கேட்ட ஹிந்தியும்தான். தமிழில் முழுதாகச் சொல்ல வருவது நீங்கள் சொல்லிக்கொடுத்த அந்த இரண்டே சொற்கள்.

கணையம் போனதால் டாக்டர் எச்சரித்தபடியே இந்த வருடம் அவளுக்கும் சர்க்கரை நோய் வந்துவிட்டது. அன்று உடம்பில் பொங்கி வழிந்த இன்சுலினை இன்று கடையில் வாங்கி ஊசியால் ஏற்றுகிறேன். ஒரு பொட்டு கூடினாலும் சர்க்கரை விழுந்துவிடும்.

இன்று காலை விரலில் குத்திவிட்டுப் பொங்கும் பாலை இறக்கத் திரும்பினேன். பின்னால் கைதட்டல். மீட்டரில் ஐம்பத்தொன்று. நெற்றியெல்லாம் வியர்த்து, விரல் நடுங்க, “நல்ல நம்பர்!” என்று சிரித்தாள், உங்களைப் போலவே இழுத்து. குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்தால், “நக்கோ, நக்கோ” என்று தெரு ஹிந்தியில் வேண்டாமென்று தட்டிவிட்டாள். மடியில் அழுத்திப் பிடித்துத்தான் புகட்டினேன்.

நான் வேலைக்குப் போயிருக்கும்போது சர்க்கரை இறங்கினால் அவள் யாரையும் கூப்பிட மாட்டாள் மாமா. உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருப்பாள்.